கந்தப்போடியின் கையிலிருந்து அறுத்த கயிறு

சதீசன் சும்மா இருக்கமாட்டாத ஆள். வாவியில் வலை இழுக்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் மண்டூரில் யாருக்காவது வேலி கட்டிக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் செத்தவீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருப்பான். அந்தக் குணமே அவனைக் கம்பிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது.

போன வருஷம் மாசி மாதம் ஒரு காலை, கண்டல் வேர்களுக்கிடையில் கந்தப்போடி குப்புறக் கிடப்பதைக் கண்டான். வயல்காரர், மூன்று நாளாகக் காணவில்லை என்று ஊரே தேடிக்கொண்டிருந்த மனிதர். இரண்டு கையும் பின்னால் நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. கயிற்றின் மிச்சம் இரண்டு ஆள் நீளத்துக்குத் தண்ணீரில் மிதந்தது.

சதீசன் தோணியை விட்டு இறங்கினான். கத்தியால் கயிற்றை அறுத்தான். உடலைக் கரைக்கு இழுத்து, முகத்துச் சேற்றைக் கழுவி, கண்ணை மூடிவிட்டு, தோணியில் கிடந்த பழைய சாரத் துணியால் போர்த்தினான். அதன் பிறகுதான் பொலிஸுக்குப் போன் எடுத்தான். மீன்பிடிகாரன் கயிறு எறியமாட்டான். கை தன்பாட்டில் அதைச் சுருட்டித் தோணிக்குள் போட்டது. வீட்டுக்கு வந்ததும் வலைக்கொட்டிலில் மற்றக் கயிறுகளோடு அதுவும் விழுந்தது.

பொலிஸ் வந்தபோது, அவர்களோடு தடயவியல் பிரிவுப் பெண் கான்ஸ்டபிள் ஜெனிற்றாவும் கமராவோடு இறங்கினாள். தேற்றாத்தீவுப் பிள்ளை. கழுவிய முகத்தைக் கண்டதும் தலையில் கை வைத்தாள்.

“ஏன் அண்ணன் கழுவினீங்க? சேத்திலயும் சாட்சி இருக்கும். கிடந்தபடி விட்டிருக்க வேணுமே!”

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரின் முகம் இறுகிவிட்டது. “கை கால் கட்டிக் கிடந்ததா?” என்று கேட்டார்.

கழுவியதற்கே இந்தப் பேச்சென்றால் கயிற்றை அறுத்ததற்கு என்ன வருமோ என்று சதீசன் பயந்தான். “இல்ல சேர்,” என்றான்.

அந்த ஒரு சொல்தான்.

ஐந்தாம் நாள் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வந்தது. மணிக்கட்டு இரண்டிலும் கயிற்றுத் தழும்பு. பொய் சொன்னவன் ஏன் சொன்னான் என்று பொலிஸ் யோசித்தது. வேறு யாரையும் அவர்களுக்குத் தெரியவுமில்லை. வீட்டைத் தேடினார்கள். கொட்டிலில் ஐம்பது கயிறு கிடந்தது; அதில் எதைத் தேடுவது? வெறுங்கையோடு திரும்பினாலும் சதீசனைக் கொண்டுபோனார்கள். நீதவான் பதினான்கு நாள் விளக்கமறியல் என்றார். அது முடிய இன்னொரு பதினான்கு.

சிறையில் ஆட்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டுதான் படுப்பார்கள். ஒருக்களித்துப் படுத்தால் திரும்ப முடியாது. சதீசனின் நினைப்பும் அப்படித்தான் கிடந்தது. கயிறு இருக்கிறது என்று சொன்னால், செத்தவரின் கயிறு உன் வீட்டில் என்ன செய்கிறது என்பார்கள். சொல்லாவிட்டால், கட்டியவன் வெளியே திரிவான், இவன் உள்ளே கிடப்பான். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

நான்காவது வழக்குத் தவணைக்கு முந்திய கிழமை, மனைவி கேதீஸ்வரி பார்க்க வந்தாள். நடந்த எல்லாம் அவளுக்குத் தெரியும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

“இஞ்சருங்க, இரத்தினம்மாக்கா அதை அடுப்பில வெச்சிடு எண்டுறா. ஒரு நிமிசத்தில உருகிப்போயிரும், ஆருக்கும் தெரியாது எண்டுறா.”

இரத்தினம்மா பக்கத்து வீட்டுக்காரி. கெட்ட எண்ணத்தில் சொன்னவளில்லை. சதீசன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எரித்துவிட்டால் நிம்மதி என்று ஒரு மனம் சொன்னது. கந்தப்போடியின் வீங்கிய மணிக்கட்டு கண்ணுக்குள் வந்தது.

“எரிக்காத. நீ அதைத் தொடவும் வேணாம். அந்தத் தேற்றாத்தீவு மிஸ்ஸக் கூப்பிடு. நான் பொய் சொன்னன் எண்டு சொல்லு.”

“அதால உங்களத் தூக்கில போட்டா?”

“இப்ப மட்டும் என்ன, உசிரோடயா இருக்கன்?”

அடுத்த முறை வந்தபோது கேதீஸ்வரி நடந்ததைச் சொன்னாள். ஜெனிற்றா இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கையுறை போட்டு, கயிறு கிடந்த கிடையை முதலில் படம் எடுத்தாளாம். முடிச்சை அவிழ்க்கவில்லை. சதீசன் அறுத்த முனைக்கு ஒரு நிற நூல், மற்ற முனைக்கு வேறு நிற நூல் கட்டினாளாம். “பொலித்தீன் பை தரட்டா?” என்று கேதீஸ்வரி கேட்டதற்கு, “வேணாம் அக்கா, ஈரம் இருந்தா பூஞ்சணம் பிடிச்சிரும்,” என்று கடதாசி உறைக்குள் வைத்து, ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலாகக் கையெழுத்து வைத்தாளாம்.

“பிறகு என்ன சொன்னா தெரியுமா? ‘அவர் முடிச்சை விட்டுட்டு மற்றப் பக்கத்தில அறுத்திருக்கார், அது பெரிய புண்ணியம்’ எண்டா. ஆனா முகத்தில சிரிப்பில்ல.”

அந்த ‘ஆனா’ சதீசனோடு இரண்டு மாதம் படுத்தது. கயிறு கொழும்புப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், அறிக்கை வரும் வரைக்கும் அவன் தவணைக்குத் தவணை விலங்கோடு பஸ் ஏறினான். பொய்யை ஒப்புக்கொண்டவன் என்று நீதிமன்றத்தில் வாசித்தபோது ஊர்க்காரர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவன் அறுக்காத முனைதான் பேசியது. அந்த முனையில் பாதிச் சொட்டுச் சிவப்புப் பெயின்ற் இருந்தது. கந்தப்போடியோடு வயல் எல்லைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கச்சியின் மகன், உழவு மெசின் இழுக்கும் பெட்டிக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்திருந்தான். அந்த மருமகனின் கொட்டிலில் பொலிஸ் எடுத்த கயிற்றுச் சுருளின் வெட்டு முனையில் மற்றப் பாதிச் சொட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இழையோடு இழை பொருந்தியது.

சதீசனை விடுவித்த நாளில் நீதிமன்றத்துக்கு வெளியே கேதீஸ்வரி நின்றாள். அவன் அழவில்லை, வெயிலில் கண் கூசி நின்றான். ஜெனிற்றா கோப்போடு கடந்துபோனவள் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணன், முதல் நாளே சொல்லியிருந்தா இந்த நாலு மாசம் உங்களுக்கு மிஞ்சியிருக்கும்.”

“ஓம் மிஸ்,” என்றான்.

வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது அவன் முதலாவது சாட்சி. தவணை வரும் நாளெல்லாம் தொழிலுக்குப் போகாமல், வெள்ளைச் சேட்டு போட்டு நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்திருக்கிறான். எதிரித் தரப்புச் சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் அந்த ‘இல்ல சேர்’ என்ற சொல்லையே தூக்கிப் பிடிக்கிறார். பொய் சொன்னாயா என்று கேட்கிறார். சதீசன் சாட்சிக் கூட்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஓம் ஐயா, பயத்தில சொன்னன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறான்.