கரடி கொஞ்சம் மெதுவாக ஓடிய நாள்

எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலே அப்பா மாதக்கணக்கில் விசாரிப்பார். அப்படிப்பட்டவரிடம் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் நேரிலேயே பார்த்தேன். அதுவும் சாதாரணத் துப்பாக்கி இல்லை, கரடியிடமிருந்து தப்பிக்கும் துப்பாக்கி.

அது தேவைப்பட்டவர் என் சித்தப்பா. கோயம்புத்தூரில் படிப்பை முடித்த கையோடு புனேவுக்கு வந்து, கராடி என்ற பகுதியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து, வானவடியில் எங்கள் ஃபிளாட்டிலேயே தங்கி, கல்யாணமும் பண்ணிக்கொண்டு, சித்தியையும் அங்கேயே கூட்டிவந்துவிட்டார். வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை. படுக்கையறை அப்பா அம்மாவுக்கும் பீரோவுக்கும். ஹாலின் குறுக்கே கயிறு கட்டி, அம்மாவின் பழைய புடவையைத் தொங்கவிட்டால் அந்தப் பக்கம் சித்தப்பா சித்திக்கு. நான் எங்கே என்று கேட்பீர்கள். நானும் அந்தப் பக்கம்தான். சித்தப்பா சொல்லும் பேய்க்கதையைக் கேட்டுக்கொண்டு அவர்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருப்பேன். அங்கிருந்து என்னைக் கிளப்பப் பார்த்தால் கட்டடமே விழித்துக்கொள்ளும்படி அழுவேன். ஆகவே யாரும் கிளப்பவில்லை.

சித்தப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. அமெரிக்கக்காரர்கள் போனில் எதைச் சொன்னாலும் "ஷ்யூர், ஷ்யூர்" என்பார். அந்த வருடம் அவரை அமெரிக்காவில் மொன்டானாவுக்கு அனுப்புவதாகக் கம்பெனி முடிவு செய்தது. அவர் முதலில் போவது, விசா கிடைத்ததும் சித்தி போவது என்று பேச்சு. அங்கே அவருக்கு மேலதிகாரியாக வரப்போகிறவர் வேட்டைப் பிரியர். அக்டோபரில் எல்லோரும் மான் வேட்டைக்குப் போவோம், நீயும் வா என்றிருக்கிறார். ஷ்யூர். நீ மானைச் சுட வேண்டாம், கூட நடந்தால் போதும், ஆனால் அந்தக் காட்டில் கரடி உண்டு, தற்காப்புக்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்றிருக்கிறார். ஷ்யூர். என்னிடம் நான்கு வகை இருக்கிறது, உனக்கு எது வேண்டும் என்று படத்தோடு மெயில் அனுப்பினார். அதற்கு மட்டும் ஷ்யூர் என்று பதில் எழுத முடியவில்லை.

சித்தப்பா லேப்டாப்பைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார். நீளமான ரைஃபிள் ஒன்று, தடித்தடியான தோட்டாக்களைப் போட்டுச் சுடும் ஷாட்கன் ஒன்று, இடுப்பில் மாட்டும் ரிவால்வர் ஒன்று, மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் ஸ்பிரே டப்பா ஒன்று.

"வேட்டைக்கு வரலைன்னு சொல்லிரு" என்றார் அப்பா.

"வர்றேன்னு சொல்லிட்டனுங்ணா. இப்ப மாத்திப் பேசுனா, போய் எறங்கறதுக்கு முன்னாலயே பேரு கெட்டுரும்."

"அப்ப கரடிகிட்ட இருந்து தப்பிக்கறதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லீன்னா அமெரிக்காவே வேண்டாம்."

அப்பா வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் வேண்டாம்தான். எனக்கு அது இனித்தது. சித்தப்பா போய்விட்டால் பேய்க்கதை யார் சொல்வது? அன்றிலிருந்து நான் கரடியின் கட்சி.

அப்பா விசாரணையைத் தொடங்கினார். கசார்வாடி பட்டறையில் லேத் மிஷின்களோடு பழகியவர் ஆதலால், முதல் கேள்வியே ரிவால்வருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதுதான். ரைஃபிளின் எடையைக் கேட்டதும் அம்மா, அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாள். இரண்டு வாரம் பேசியும் முடிவு வராமல், கீழ்வீட்டு சுபேதார் மாமாவை வரவழைத்தார்கள். வேலூர்க்காரர், ஓய்வு பெற்ற ராணுவத்தார். ராணுவத்தில் அவர் இருந்தது ரேஷன் பிரிவு என்பதும், பணிக்காலம் முழுவதும் அரிசி பருப்பு அளந்து கொடுத்தவர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் மீசை பெரிது.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "படத்துல பாத்தா ஒண்ணும் தெரியாது சார். ட்ரில் பண்ணிப் பாக்கணும். அதுக்கு ஒரு கரடி வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரத்தில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒத்திகை. சுபேதார் மாமாவின் பழுப்புக் கம்பளியை எனக்குப் போர்த்தி இடுப்பில் கயிறு கட்டினார்கள். உடம்பெல்லாம் அரித்தது. கரடி கோபமாக இருப்பதற்குக் காரணம் அன்று எனக்கு விளங்கியது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நான், கேட் பக்கம் சித்தப்பா. மாமா விசில் ஊதியதும் நான் ஓடி வர வேண்டும். நான் தொடுவதற்குள் சித்தப்பா ஆயுதத்தை எடுத்து, குறிபார்த்து, "டுமீல்" என்று சொல்லிவிட்டால் அவர் பிழைத்தார். நான் தொட்டுவிட்டால் அவர் அமெரிக்கா போக மாட்டார். இதைவிட நல்ல விளையாட்டை யாரும் எனக்கு அதுவரை சொல்லிக் கொடுத்ததில்லை.

ரைஃபிளுக்கு அப்பாவின் நீளக் குடை. விசில் சத்தம் கேட்டதும் சித்தப்பா தோளிலிருந்து அதை இறக்கி, குறிபார்த்து, விசை என்று நினைத்துப் பொத்தானை அழுத்தினார். குடை படாரென்று விரிந்து அவர் முகத்தை மறைத்தது. குடைக்கு அடியில் புகுந்து வயிற்றில் முட்டினேன்.

ஷாட்கன்னுக்குக் கிரிக்கெட் மட்டை, தோட்டாவுக்கு டார்ச் பேட்டரி. பேட்டரிகள் கை நழுவி யாருடைய ஸ்கூட்டருக்கோ அடியில் உருண்டன. அவர் குனிந்து தேடும்போது நான் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ரிவால்வருக்கு ஹோலிப் பண்டிகைத் தண்ணீர்த் துப்பாக்கி. அதை இடுப்பில் செருகி, மேலே ரெயின்கோட் போட்டு, ஜிப்பையும் இழுத்துவிட்டிருந்தார். இந்த முறை நான் நேராக வராமல் ஒரு காரைச் சுற்றிப் பின்னால் வந்தேன். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. கரடி நேர்க்கோட்டில்தான் வர வேண்டும் என்று சுபேதார் மாமா ஆட்சேபித்தார். அப்படி யாராவது அதுக்கு எழுதிக் குடுத்திருக்காங்களா என்று அப்பா கேட்டார்.

இதற்குள் மாடிகளில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் சொசைட்டியின் சேர்மன் மனைவி மராட்டிக்காரர். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "கணபதி ப்ரோக்ராம் கா?" என்று கேட்டார். தம்பிக்குக் கரடித் துப்பாக்கி பார்க்கிறோம் என்பதை எந்த மொழியில் சொல்வதென்று அப்பாவுக்குத் தெரியவில்லை. மராட்டியில் ஆமாம் ஆமாம் என்பதுபோல் "ஹோ, ஹோ" என்று தலையை ஆட்டிவிட்டார். சித்தப்பாவின் வியாதி பரம்பரை வியாதி என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தம்மாள் உடனே கணபதி விழா நிகழ்ச்சியில் எங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "போதும்டா. பச்சப் புள்ளைகிட்டயே உன்னால தப்பிக்க முடியலை. நாளைக்கே வரலைன்னு எழுதிப் போட்டுரு."

சித்தப்பா ரெயின்கோட்டுக்குள் சிக்கிக்கொண்டு நின்றார். நான் கம்பளியோடு குதித்தேன்.

"அந்த ஸ்பிரேயை இன்னும் பாக்கவே இல்லீங்களே."

படிக்கட்டில் டீத் தட்டோடு நின்றிருந்த சித்திதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அப்பா இருக்கும் இடத்தில் கேட்காமலே அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் திகைத்துத்தான் போனார். ஆனால் நாலு மாடல் இருக்கும்போது மூன்றை மட்டும் பார்த்து முடிவு செய்வது அவரால் ஆகிற காரியமில்லை. "ஆமா, அதையும் பாத்துரலாம்" என்றார்.

கையில் கிடைத்தது கரப்பான் மருந்து டப்பா; அது குழந்தை மேல் படக்கூடாது என்று அம்மா மல்லிகை வாசனை ரூம் ஸ்பிரேயை எடுத்துவர மேலே போனாள். அந்த இடைவெளியில் சித்தி என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், முந்தானையால் என் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

"கண்ணு, இந்த வாட்டி கொஞ்சம் மெல்ல ஓடறயா?"

"மெல்ல ஓடுனா சித்தப்பா ஜெயிச்சுருவாரே."

"ஒரே ஒரு வாட்டி ஜெயிக்கட்டும் சாமி."

என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் தோசையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும் சித்தி, அந்த வீட்டில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஊரே பார்க்கப் புருஷன் தோற்றுக்கொண்டிருக்கிறாரே என்று அவளுக்கு அவமானம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் பாவமாக இருந்தது. சரி, நாலில் மூன்று நான் ஜெயித்தாயிற்று, ஒன்றை விட்டுக்கொடுத்தால் என்ன என்று கணக்குப் போட்டேன். பெரியவர்களுக்கு ஒன்றே போதும் என்பது என் கணக்கில் வரவில்லை.

மாமா விசில் ஊதினார். கரடி கோயில் யானை மாதிரி அசைந்து அசைந்து வந்தது. நடுவில் நின்று காலைக்கூடச் சொறிந்துகொண்டது. சித்தப்பா டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்திருப்பதைக் கண்டு திருப்பிப் பிடித்து, அழுத்தினார். மல்லிகை மணக்க நான் விழுந்து புரண்டு, காலை உதைத்து, வெகுநேரம் எடுத்துக்கொண்டு செத்தேன். மாடிகளில் கைதட்டினார்கள். சுபேதார் மாமா தாம் முதலிலிருந்தே ஸ்பிரேதான் சொன்னதாகச் சொன்னார். அப்பா டப்பாவைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"கனமில்லை, தோட்டா போடற வேலையில்லை. அந்தாளு பழசைக் குடுத்தா வாங்காதே. புதுசா எடுத்துக்கோ, எக்ஸ்பைரி தேதி பாத்து வாங்கு."

கணபதி விழாவில் நான் இன்னொரு முறை செத்து ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன். மறுவாரம் சித்தப்பா விமானம் ஏறினார். நான் ஏமாற்றப்பட்டுவிட்டேன் என்பது விமான நிலையத்தில்தான் உறைத்தது. அங்கேயே தரையில் புரண்டு அழுதேன்.

வேட்டையில் அவர் கரடியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. போகிற வழியில் ஜீப்பில் அந்த டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். துப்பாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் கதவைத் திறந்துகொண்டு குதித்து, பனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்களாம். அத்தோடு அந்த வருட வேட்டை முடிந்தது. ஆனாலும் பேர் கெடவில்லை. தை பிறப்பதற்குள் சித்திக்கும் விசா வந்தது.

போய்ச் சேர்ந்த மறுநாள் சித்தி வீடியோவில் கூப்பிட்டாள். பனியைக் காட்டுங்கள், கரடியைக் காட்டுங்கள் என்று நான் பறந்தேன். சித்தி அதையெல்லாம் காட்டவில்லை. படுக்கையறைக்குப் போய், போனை நிறுத்தி வைத்துவிட்டு, "இங்க பாரு கண்ணு" என்று கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். பிறகு தாழ்ப்பாளையும் போட்டுக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

ராத்திரியில் கரடி வந்துவிடக் கூடாதென்றுதான் இத்தனை ஜாக்கிரதை என்று எனக்குத் தோன்றியது. வேற்றூரில் தனியாக எவ்வளவு பயந்திருப்பாள் என்று நினைத்து மனசு உருகிப்போய், "பயப்படாதீங்க சித்தி. லீவுக்கு நான் வந்து உங்க நடுவுலயே படுத்துக்கறேன்" என்று தைரியம் சொன்னேன்.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாதான் சிரிக்கவில்லை.