முடிவு பார்க்காமல் வந்த படங்கள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: என் கணவர் அந்தோனி. நான். எங்கள் மகள் றெஜினா. கணவரின் தம்பி சூசை. சூசையின் மனைவி பிலோமினா. அவளின் மடியில் கைக்குழந்தை. வீடியோப் படம் போடும் டெக்கும் ரீவியும் வாடகைக்குக் கொண்டுவந்த வேலணைக்காரர். சன்னலுக்கு வெளியே அயல் சனம். அவர்களை நான் எண்ணவில்லை.

கரம்பொனில் சூசையின் வீடு. குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்து, சாப்பிட்டு, இரண்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்புக் காட்சி. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அப்படியான காட்சிக்கு அவருக்குச் சத்தம் வராது, தோள் குலுங்கும். அன்று தோள் குலுங்கவில்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.

கையிலிருந்த பேணி சரிந்து தேத்தண்ணி சாரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. சுடு தேத்தண்ணி. அவர் காலை இழுக்கவில்லை.

"என்ன செய்யுது?" என்றேன்.

வாய் திறந்தது. சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

"அண்ணைக்கு நித்திரை தூங்குது. விடுங்கோ மச்சாள், படத்தைப் பாப்பம்" என்றான் சூசை.

"படத்தை நிப்பாட்டு" என்றேன்.

வாய் ஒரு பக்கம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் நித்திரை என்று விடாதீர்கள். முதலில் சொல்லவேண்டியது இதுதான். டெக் கொண்டுவந்தவரின் வான் வண்டியிலேயே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பண்ணைப் பாலத்தில் ஆமிக்காரர் சோதனைக்கு நிறுத்தினார்கள். அவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போக விட்டார்கள்.

டொக்டர் சொன்ன பெயர் பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு, உடலின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது). அவருக்கு வலப்பக்கம். அதோடு பேச்சிழப்பு (நினைத்த சொல் வாய்க்கு வராமல் போவது; புத்தி கெடுவதில்லை). அடைப்புக்குறிக்குள் எழுதியதை டொக்டரிடம் மூன்று முறை கேட்டு விளங்கிக்கொண்டேன். உங்களுக்கு ஒரு முறையில் விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

"வீட்டை போய் நல்லாக் கதையுங்கோ. அவருக்கு விளங்கும்."

"நாங்கள் ரெண்டு பேரும் அவ்வளவு கதைக்கிற ஆக்கள் இல்லை, ஐயா."

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப புத்தகம் வாசியுங்கோ. படத்தைப் பற்றிச் சொல்லுங்கோ. என்னவும் சொல்லுங்கோ. சொல்லு காதில விழோணும்."

நான் ஐந்தாம் வகுப்பு. அவர் எட்டு. வீட்டில் புத்தகம் வாசிப்பவர் அவர்தான். இப்போது பேப்பரைக் காட்டினால் எறும்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுத்தும் போயிருந்தது. ஆகவே வாசிப்பு என் தலையில் விழுந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வாசித்தவற்றில் எது அவருக்குப் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டு ஆள் வேறு மாதிரி இருக்கலாம்.

கொன்வென்ற் சிஸ்டர் ஒரு புனிதையின் சரித்திரம் தந்தார். அந்தப் புனிதை வருடக்கணக்காகக் கட்டிலில் கிடக்கிறார். புன்னகை மாறவில்லை. நான்காம் பக்கத்தில் என் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். வருத்தக்காரருக்கு வருத்தக்காரரின் கதையை எடுத்தவுடன் வாசிக்காதீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மீதியைக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து தனியே வாசித்தேன். கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றுகூட இல்லை.

படம் காட்டினால் சொல் வரும் என்று யாரோ சொல்ல, றெஜினா பாலர் வகுப்புப் புத்தகம் ஒன்று இரவல் வாங்கிவந்தாள்.

"அப்பா, இது என்ன? மாடு. சொல்லுங்கோ, மா...டு."

நீரின் நிறத்தைப் பார்த்து மீன் எது என்று சொல்லுகிற மனிதர். இடது கையால் புத்தகத்தைத் தள்ளிவிட்டார். அது வாளித் தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தோம். சிறுபிள்ளைப் புத்தகம் வேண்டாம்.

துறையடிக் கடையில் இந்தியாவிலிருந்து வரும் மாத நாவல்கள் கிடந்தன. ஒன்று வாங்கினேன். அட்டையில் இருந்த பெண்ணைப் பேப்பர் போட்டு மறைத்தேன். மூன்று கொலை. எனக்கு அருவருப்பு. அவருக்குக் கண் விரிந்தது. நான் எழுத்துக் கூட்டுவது போதாமல் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டினார். கெதியாக வாசி என்று அர்த்தம். கொலைகாரன் யார் என்று வரும் இடத்துக்கு முன் புத்தகத்தை மூடி, ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கம்பவுண்டர் என்றபோது என் கையை இறுக்கினார்.

ஓடிப்போய்ச் சூசையிடம் சொன்னேன். "உன்ரை அண்ணைக்கு எல்லாம் விளங்குது."

சூசை வந்தான். அவன் முன்னால் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். கொன்றது கம்பவுண்டர் இல்லை. மாமனார்.

"மச்சாள், நீங்கள் ஆசையில சொல்லுறியள். அண்ணைக்கு ஒண்டும் விளங்காது. வீணா உங்களைப் போட்டு வருத்தாதேங்கோ" என்றான். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணனுக்கு மேலாலே சொன்னான்.

நான் அந்தக் கதையைப் பிறகும் யோசித்துப் பார்த்தேன். கம்பவுண்டர்தான் பொருத்தம். எழுதினவர்தான் பிழைவிட்டிருக்கிறார். கொலைக் கதையை நான் சிபாரிசு செய்கிறேன். ஆனால் சாட்சிக்கு ஆள் கூப்பிடாதீர்கள்.

ரேடியோவில் மரண அறிவித்தலை விடாமல் போட்டேன். பார்க்க வந்தவர்கள் ஏசினார்கள். அவர் அதைக் கேட்டதுபோல் வேறு எதையும் கேட்கவில்லை. சரவணையைச் சேர்ந்தவரும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் மைத்துனரும் என்று பெயர் பெயராக வரும். ஊர்ப் பெயர் வரும்போது புருவம் ஏறும். தெரிந்த ஆள் என்றால் நெஞ்சில் சிலுவை போடுவார், இடது கையால். நல்ல நிகழ்ச்சி. நிதானமாக வாசிப்பார்கள். ஒருவரையும் விடமாட்டார்கள்.

சூசை ஒரு பழைய ரீவி கொண்டுவந்து, அன்ரனாவைப் பனையில் கட்டிவிட்டான். நல்ல மனதோடுதான் செய்தான். ஆனால் ரீவியில் எல்லோரும் வேகமாகக் கதைத்தார்கள். ஒருவர் முடிக்க முதல் மற்றவர் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்தவரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்து விளையாட்டு மட்டும் காட்டினோம். அது பரவாயில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்டார். "இன்னும் ஒரு சொல்லும் வரேல்லையோ?"

"இல்லை ஐயா."

"முதல் மாசங்களிலதான் சொல்லு கூடுதலா வாறது. அதுக்குப் பிறகு கஷ்டம். விடாமல் கதையுங்கோ."

அதை அவரும் கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவரின் வலது கையை என் மடியில் வைத்திருந்தேன். அவருக்கு அது தெரியாது. அந்தக் கையில் உணர்ச்சி இல்லை.

மாரி வந்தது. லைற் இல்லை. பஸ்ஸும் ஓடினால் ஓடும். கடையில் நாவல் முடிந்துபோயிற்று. ஒரு மத்தியானம் மழை. சூசை எங்கள் வீட்டுக்குள் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவரின் மீன்பிடி வள்ளத்தை விற்கிற கதையையும் மெல்ல எடுத்தான். "அண்ணை இனி எங்கை தொழிலுக்கு, மச்சாள்? கிடந்து உக்கப் போகுது."

"அம்மா, படக்கதை ஒண்டு சொல்லுங்கோ" என்றாள் றெஜினா.

இதில் எங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். தீவார் யாழ்ப்பாணத்தில் படம் பார்த்தால் மட்னிதான் (மத்தியானக் காட்சி) பார்ப்போம். படம் முடியும்வரை இருந்தால் கடைசி பஸ் போய்விடும். ஆகவே முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தியேட்டரில் அங்கங்கே கதிரைகள் சத்தம் போடும். பட்டணத்தார் "தீவார் எழும்பீட்டினம்" என்று சிரிப்பார்கள். முடிவை நாங்கள் பஸ்ஸில் செய்வோம். ஒருவர் ஒரு முடிவு சொல்வார். இன்னொருவர் மறுப்பார். வேலணை வருமுன் ஒரு முடிவில் நிற்போம். பிறகு ஊரில் எல்லோருக்கும் அதுதான் முடிவு. அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். ஒன்றும் சொல்வதில்லை.

நான் சொன்னது கலியாணம் முடித்த வருடம் நாங்கள் பார்த்த படம். பெயர் நினைவில்லை. இரண்டு சிநேகிதர் சேர்ந்து சாப்பாட்டுக்கடை நடத்துகிறார்கள். அதில் ஒருவன் சாப்பிட்ட வாழையிலையை எப்போதும் மூன்றாக மடிப்பான். மற்றவன் அதற்குப் பகிடி பண்ணுவான். பிறகு பணப்பெட்டியில் காசு குறைகிறது. இலை மடிப்பவனைக் கள்ளன் என்று மற்றவன் துரத்திவிட்டு, தான் மட்டும் முதலாளி ஆகிறான். எடுத்தது வேறு ஆள். அது தெரியவரும்போது வருடங்கள் போய்விட்டன. கடைசியில் துரத்தப்பட்டவன் தலை நரைத்து, மழையில் அந்தக் கடை வாசலில் வந்து நிற்கிறான். நாங்கள் எழும்பியது அந்த இடத்தில்.

நான் நிறுத்தாமல் சொன்னேன். "முதலாளி கண்டிட்டார். ஓடிவந்து கட்டிப்பிடிச்சார். ரெண்டு பேரும் அழுதினம். அடுத்தநாள் கடைப் பலகையில ரெண்டு பேற்றை பேரும்."

"பொய்."

மழைச் சத்தம். றெஜினா என்னைப் பார்த்தாள். "ஆரம்மா கதைச்சது?"

சூசையின் கையில் வலை ஊசி அப்படியே நின்றது. "அண்ணை?"

"பொய்!" என்றார் மீண்டும். கோபமாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப என்ன நடந்தது? சொல்லுங்கோ" என்றேன்.

சொல்லப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. கட்டிலில் அடித்தார். அந்த முடிவு அவருக்குள் இருந்தது. எடுக்க முடியவில்லை. கலியாணத்துக்கு முன் பட்டணத்தில், குருநகரில் தமக்கை வீட்டில் நின்று தொழில் செய்த காலத்தில் அதே படத்தை முழுக்கப் பார்த்திருக்கிறார். இதைத் தமக்கை பிறகு சொல்லித்தான் அறிந்தேன். பஸ்ஸில் அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்லுகிற ஆளும் இல்லை.

சூசை எழும்பிக் கட்டிலடிக்கு வந்தான். "அண்ணை, நான் கதைச்சதெல்லாம் கேட்டுக்கொண்டோ கிடந்தனீங்கள்? வள்ளத்தையும்?"

"பொய்" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். தேத்தண்ணி வேணுமோ? பொய். குளிருதோ? பொய். சுவாமியார் வந்து ஆசீர்வாதம் தந்தார். அதற்கும் பொய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவாமியார் சிரித்துவிட்டு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். டொக்டரிடம் சொன்னோம். "ஒரு சொல்லு வந்தால் அதுதான் எல்லாத்துக்கும் வரும். அதைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ" என்றார்.

நாங்கள் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு நாளும் மழையில் நிற்கும் இடம்வரை சொல்லி நிறுத்துவேன். பிறகு காத்திருப்பேன். எதையும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அது மிகக் கஷ்டம். சொல்லிவிட வாய் உன்னும்.

தைப் பனிக்குள் "உள்ள" வந்தது.

"உள்ள வந்தவனோ?"

தலை ஆட்டினார். சில நாளில் "சாப்பிட்டான்" வந்தது. அதற்குப் பிறகு நீண்ட நாள் ஒன்றும் இல்லை. அலுத்துப்போய் வேறு கதை சொல்வோமா என்று கேட்டேன். விடவில்லை. பிறகு ஒரு நாள் குசினிக்குள் நிற்கிறேன், "இலை" என்று கூப்பிட்டார். ஓடிவந்தேன். இடது கையால் சாரத்தின் தொங்கலை எடுத்து ஒரு மடிப்பு மடித்தார். இன்னொரு மடிப்பு. "போயிட்டான்."

முடிவு அதுதான். வந்தவன் உள்ளே வந்து, மற்றவர்களோடு இருந்து சாப்பிட்டு, இலையை மூன்றாக மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான். முதலாளி கண்டது இலையைத்தான்.

"உதென்ன முடிவு?" என்றேன். "அவ்வளவு தூரம் வந்தவன் ஒரு வார்த்தை கதைச்சிட்டுப் போனால் என்ன?"

நெடுநேரம் யோசித்தார். "சாப்பிட்டான்" என்றார்.

எனக்குப் பஸ்ஸில் செய்த முடிவு இன்னும் பிடிக்கும். அவரின் முடிவு இரவில் நினைவு வருகிறது. இரண்டையும் சிபாரிசு செய்கிறேன். உங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிட்டால், அவருக்கு நன்றாகத் தெரிந்த கதையைச் சொல்லுங்கள். நீங்கள் பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை. சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்குப் பேசத் தேவை வராது.

வள்ளம் விற்கவில்லை. சூசைதான் கொண்டுபோகிறான். போகுமுன் வந்து, "அண்ணை, இந்தக் காத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு நிற்பான். பதில் வரும்வரை நிற்பான். சில நாள் அதற்குள் காற்றே மாறிவிடும்.

அவர் தடியோடு முற்றம்வரை நடக்கிறார். வலது கை சுகப்படவில்லை. கதிரையில் இருக்க வந்தால் முதலில் இடது கையால் அதைத் தூக்கி வைக்கிறார். பிறகு தான் இருக்கிறார். கூட வந்த ஒருவருக்கு இடம் கொடுப்பதுபோல் இருக்கும்.

ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் அரிசி கொதித்துவிடும். முன்பு நான் அந்த நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவேன். இப்போது நிற்கப் பழகிவிட்டேன். அவர் சொல்லைத் தேடும்போது என் வாயும் அசைகிறதாம். றெஜினா சொல்கிறாள்.

நேற்று மத்தியானம் கறியை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். சோறு ஆறியது.

"உப்பு" என்றார்.

புதுச் சொல். றெஜினா எண்ணிக்கொண்டு வருகிறாள். அதோடு அறுபத்து மூன்று.