கேட்டுக் கேட்டுத் திறந்தவர்

சோதனைக்கு வருகிற ஆமிக்காரர் கேட்காமலே அலுமாரியைத் திறந்து கொட்டிய காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். சண்டையில் விட்டுவந்த எங்கள் சம்பூர் வீட்டின் படங்கள் ஒரு பழைய கணினியில் மட்டுமே இருந்தன. அதில் வைரஸ் புகுந்து, விண்டோஸ் எழும்ப மறுத்தது. எல்லாவற்றையும் அழித்துத்தான் திரும்பப் போடவேண்டும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

பிறகுதான், கணினி திருத்தத் தெரிந்தவர் என்று அயலவர் சொல்லி அனுப்பிய அவர் வந்தார். மெலிந்த மனிதர். சட்டைப்பையில் தூசி தட்ட ஒரு பழைய பல் பிரஷ். கதிரை நுனியில் இருந்தபடி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் சீடியைப் போட்டார்.

"உள்ளதை அழிச்சுப்போடுவீங்களோ?" என்றேன்.

"இல்லை அக்கா, இது சீடியில இருந்தே ஓடும். முதல்ல படங்களை வெளியில எடுப்பம். நீங்கள் சொன்னாத்தான் விண்டோஸைக் கழட்டுவன்."

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் "திறக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஓம், ஓம். எத்தனை தரம் சொல்லுறது?" எனக்கு எரிச்சல்.

"உங்கட வீடெல்லோ அக்கா."

எங்கள் கிணற்றடி திரையில் வந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படங்களெல்லாம் வெளியில் வந்தபின் விண்டோஸைக் கழட்டச் சொன்னேன். லினக்ஸ் ஏறி முடிந்து புதுக் கடவுச்சொல் கேட்டதும் அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். "நான் கேட்டாலும் சொல்லாதேங்கோ" என்றார்.

அடுத்த சோதனையிலும் அலுமாரியைக் கொட்டினார்கள். கணினியைப் போட்டுப் பார்த்த சிப்பாய் மட்டும் கடவுச்சொல் கட்டத்தின் முன்னால் தயங்கி, என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, திறக்கலாமா?" என்று கேட்டான்.