செல்லம்மாவுக்கு ஒரு சோயா மாத்திரை

மருந்துக் கடையில் கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும், யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள் என்று நம்பித்தான் பழவங்காடிக் கடைத்தெருவில் இந்த வேலைக்கு வந்தேன். தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கூலி உயர்வுக்காகச் சங்க மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். துண்டறிக்கைகளே என் பள்ளிக்கூடம். கடையில் நின்று கால் கடுக்கும் சக தொழிலாளிகளே, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும்.

அன்று கேட்டது

என்னோடு மறியலில் நின்ற செல்லம்மா தோட்டத்திலிருந்து போனக்காட்டு பஸ்ஸில் வந்திறங்கினாள். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பெல்லாம் அனலாம். மார்பில் புற்றுக்கட்டி எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. யாரோ சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரை சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். "நீங்க சொன்னா கண்ணை மூடிட்டு முழுங்கிருவேன் அண்ணே."

எது பெரிசு

இரண்டு டப்பா எடுத்தேன். ஒன்றின் முகப்பில் ஐந்நூறு மில்லிகிராம், மற்றதில் ஐம்பது. ஐம்பதுகாரன் ஏமாற்றுகிறான் என்று தீர்ப்பெழுதினேன். மருந்தாளர் பிந்து ஐந்நூறைத் திருப்பிக் காட்டினாள். ஐந்நூறு என்பது மொத்தச் சோயாச் சாறு; ஐம்பது என்பது ஐசோஃப்ளேவோன் மட்டும். அதற்குள் இருக்கும் ஐசோஃப்ளேவோன் பின்பக்கப் பொடி எழுத்தில், அந்த ஐம்பதைவிடக் குறைவாக. "சகாவே, முன்பக்கம் கோஷம், பின்பக்கம்தானே ஒப்பந்தம்!"

எந்தக் கட்சி

இது ஹார்மோனா என்று கேட்டேன். இல்லை, செடியில் உள்ளது என்றாள். ஆனால் ஹார்மோன் உட்காரும் இடத்தில் போய் உட்காருமாம். சில இடத்தில் ஹார்மோன் மாதிரி, பலவீனமாக, வேலை செய்யும். சில இடத்தில் ஹார்மோனையே மறிக்கும். சில மார்புக் கட்டி ஹார்மோனால் வளரும், அதனால் டாக்டரைக் கேட்காமல் கூடாது என்றாள். அனல் சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது. இப்படி இரண்டு பக்கமும் நிற்பவனை நாங்கள் சங்கத்தில் சேர்த்ததில்லை. நான் தலையைப் பிடித்துக்கொள்ள, இருமல் மருந்துக்கு நின்ற அம்மாள் பதறினாள். "எங்க வீட்ல வாரம் ரெண்டு நாள் சோயா கறியாக்கும்! இனி அதுக்கும் டாக்டர் சீட்டு வேணுமா?" கறி வேறு, மாத்திரை வேறு என்று பிந்து அவளை அனுப்பி வைத்தாள்.

சனிக்கிழமை

மேடையில் நான் "தெரியாது" என்று சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டிய நாட்கள் உண்டு. செல்லம்மா பர்ஸைத் திறந்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியலை செல்லம்மா. கட்டி எடுத்த டாக்டர்கிட்ட கேக்காம தரமாட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரியலைன்னு சொல்ல உங்களுக்கும் வருமா அண்ணே? சரி, டாக்டர்கிட்ட நீங்களும் வாங்க. எனக்கு அவர்கிட்ட கேள்வி கேக்க வராது."

ஒரு மாத்திரையை விற்காமல் இருக்கவே இவ்வளவு படிக்க வேண்டுமென்றால், விற்கிறவர்கள் எவ்வளவு படித்திருப்பார்கள் என்று நினைத்து வியக்கிறேன்.