ஆறாவது சிலுவை

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை நான் எழுதவில்லை. பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. 1943ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கரம்பொனில், என் சொந்த வீட்டில், என் கண்ணும் காதும் மூக்கும் அறிந்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் கோயில்களுக்குப் படம் எழுதுகிறவன். அர்ச்சியசிட்டவர்களான புனிதர்கள், சம்மனசுகள், ஆண்டவரின் பாடுகள்... எங்கள் தீவுப் பகுதியின் பல கோயில் பீடங்களுக்குப் பின்னால் என் கை வேலை இருக்கிறது. என் மனைவி எமிலி இறந்து அப்போது ஒன்றரை வருடம். பிள்ளைகள் இல்லை. பொழுது பட்டால் வீட்டில் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் பேசும்.

ஒக்டோபர் கடைசியில் தியாகலிங்கம் வந்தார். புளியங்கூடல்காரர், கண்டியில் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு புகைப்படம்.

“பஸ்ரியாம்பிள்ளை அண்ணை, எங்கட கடைக்கு வாற தோட்டத்துத் துரை ஒருத்தர் சண்டைப் பிளேன் படமாச் சேர்க்கிறார். ஒரு அறை நிறையத் தொங்குது. இது பதக்கம் வாங்கின வீரன் ஒருத்தன்ர பிளேன். பெரிசா, வர்ணத்திலை வேணுமாம்.”

“நான் பிளேன் கீறினதில்லை, தம்பி.”

“சம்மனசுக்குச் செட்டை கீறுறியள்தானே? இதுக்கும் ரெண்டு செட்டைதான். பறக்காட்டி ஆரும் உங்களைப் பிடிக்கமாட்டினம்.”

அந்த விமானி இப்போது திருகோணமலையில் இருக்கிறாராம். மார்கழி விடுமுறைக்குத் துரையின் பங்களாவுக்கு வந்து, படத்தில் தன் கையெழுத்தைப் போடுவாராம். கையெழுத்து இல்லாத படத்தைத் துரை சுவரில் மாட்டுவதில்லையாம். நவம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை காலையில் படம் புறப்பட வேண்டும்.

புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விமானி இருக்கும் இடத்துக்குக் கீழே, வரிசையாக ஐந்து சிறிய சிலுவைகள். என் மனம் உருகிப் போயிற்று. ஆண்டவரின் ஐந்து திருக்காயங்கள்! சண்டைக்குப் போகிற பிள்ளை அவற்றை நம்பி எழுதி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். கோயில் படம் எழுதுகிறவனுக்கு வேறு என்ன தோன்றும்?

அதனால் ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால மணி அடித்ததும், தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, படத்தின் முன்னால் நின்று காயத்துக்கு ஒன்றாக ஐந்து பரலோக மந்திரம் சொல்வேன். நவம்பர், இறந்து உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம் அல்லவா? கடைசியில், யாரும் நினைக்காத ஆத்துமாக்களுக்காக ஒரு நித்திய இளைப்பாற்றிச் செபமும் சொல்வேன்.

ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. பகல் முழுவதும் மழை. அன்றுதான் ஐந்து சிலுவைகளையும் கறுப்பில் எழுதி முடித்தேன். மணி அடித்தது. செபம் சொன்னேன். நித்திய இளைப்பாற்றி முடிந்தபோது கடிகாரத்தில் ஆறு பத்து.

வாசல் பக்கம் ஒரு சத்தம். காய்ந்த இரும்பில் மழைத்துளி விழுவது போல... ஸ்ஸ்... ஸ்ஸ்...

பிறகு எரிந்த எண்ணெய் மணம். குசினியில் அடுப்பு மூட்டவில்லை. விளக்கும் புகையவில்லை.

கதவில் மூன்று தட்டு. மெதுவாக.

“ஆர்?”

காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நான் திறக்கவில்லை. உண்மையில், எனக்குப் பயம்.

விளக்கைத் தூக்கிப் படத்தைப் பார்த்தேன். சிலுவைகள் ஆறு.

கை பிசகி ஒன்றைக் கூட எழுதிவிட்டேன் என்று நினைத்து, வர்ணம் கரைக்கும் தேர்ப்பந்தைலத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தேன். துணியை முகர்ந்தேன். வர்ண மணம் இல்லை. அது கரி.

மறுநாள் காலை அடுத்த வளவு ஜசிந்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணை, நேற்று வந்த வெள்ளைக்காரத் துரை எப்ப போனவர்?”

“எந்தத் துரை?”

“உங்கட வாசல்லை நிண்டவரே! முதுகுதான் கண்டனான். பாவம், மழைக்குள்ள ஒரு கால்லை சப்பாத்தும் இல்லாமல். உள்ளுக்கை கூப்பிட்டால் என்ன, குறைஞ்சே போயிடுவியள்?”

நான் சிரித்து மழுப்பினேன். அன்று முழுவதும் ஒரு கோடு ஒழுங்காக வரவில்லை.

புதன் மாலை ஆறு பத்து. அதே சத்தம், அதே மணம், மூன்று தட்டு. நான் அசையவில்லை. படத்தில் மறுபடியும் ஆறு. துடைத்தேன். விடியக் கதவைத் திறந்தபோது படியில் ஈரத்தடம் இரண்டு. ஒன்று சப்பாத்துக் கால். மற்றது வெறுங்கால்.

வியாழன் மாலையும் அப்படியே. அன்று துடைக்கக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தியாகலிங்கம் படத்தைப் பார்க்க வந்தார். விரலால் எண்ணிப் பார்த்தார். முகம் மாறியது.

“என்னண்ணை, ஆறு போட்டிருக்கிறியள்?”

“அஞ்சு திருக்காயம்தான் தம்பி... ஒண்டு கூடிப்போச்சு.”

“திருக்காயமோ?” அவர் சிரித்தே விட்டார். “அண்ணை, அது அவன் சுட்டு விழுத்தின பிளேனுகள். ஒவ்வொண்டுக்கும் ஒரு குருசு. சத்துருவின்ர பிளேனிலை அந்தக் குருசுதான் அடையாளம்.”

கதிரையில் இருந்தேன்.

“அப்ப அந்த அஞ்சு பேரும்?”

“செத்திருப்பினம்.”

“அவையின்ர பேர் என்ன?”

“சத்துருவின்ர பேரை ஆர் அண்ணை கேட்டு வைக்கிறது?” அவர் எழும்பினார். “ஆறு கிடந்தால் அவன் கையெழுத்துப் போடமாட்டான். துரையும் படத்தைத் திருப்பி அனுப்பிப் போடுவார். விடியமுன்னம் சுரண்டிப் போடுங்கோ.”

அவர் போனபின் சுரண்டும் கத்தியை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றேன். நான் ஒரு நாளல்ல, பத்து நாளுக்கு மேலாக, பெயர் தெரியாத ஐந்து பேரின் முன்னால் நின்று செபம் சொல்லியிருக்கிறேன். அப்படியானால், ஆறாவது? யாரும் எண்ணாமல் விட்ட ஒருவனா? தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வருகிறானா? இந்தக் கரிக்கோட்டைச் சுரண்டினால் படம் போய்ச் சேரும். அவனுக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே அடையாளமும் போய்விடும்.

யோசித்தபடியே நின்றேன். திரிகால மணி அடித்தது.

கத்தியைக் கீழே வைத்தேன். ஐந்து மந்திரம் சொன்னேன்.

ஆறு பத்து.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

எண்ணெய் மணம்.

ஒரு தட்டு... இரண்டு... மூன்று.

எமிலி இருந்திருந்தால், மழையில் நிற்பவரை மூன்று நாள் நிற்க விட்டிருப்பாளா? ஒரு செம்பில் தண்ணீர் வார்த்தேன். கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

மழை மட்டும் பெய்தது. ஆனால் படியின் மேல், ஓர் ஆள் உயரத்தில், மழை எதிலோ பட்டுத் தெறித்தது.

தலை. இரண்டு தோள்.

பட்ட இடமெல்லாம் ஆவி...

“உள்ளுக்கை வாரும்,” என்றேன். “நனையாதையும்.”

செம்பை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன்.

சீமெந்தில் ஒரு தடம்.

சப்பாத்து.

பிறகு வெறுங்கால்.

செம்பில் தண்ணீர் இறங்கியது...

முழுவதும்.

தடங்கள் படத்தின் முன்னால் போய் நின்றன.

கண்ணை மூடிக்கொண்டு ஆறாவது பரலோக மந்திரத்தைச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது ஆறு இருபத்துநான்கு. மணம் இல்லை. சத்தம் இல்லை. விளக்கைப் பிடித்து நிலம் முழுவதும் தேடினேன்.

உள்ளே வந்த தடங்கள் இருந்தன. வெளியே போன தடம் இல்லை.

நான் சுரண்டவில்லை. சனிக்கிழமை காலை, ஆறு சிலுவைகளுடனேயே படத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

தை மாதம் பிறந்தபின் தியாகலிங்கம் வந்தார். சிரிப்பும் இல்லை, பகிடியும் இல்லை. படம் பிரித்த நாளில் அவரும் பங்களாவில் நின்றிருக்கிறார்.

துரை ஆறு சிலுவைகளைக் கண்டு கோபித்தாராம். அந்த விமானி, இருபத்துநான்கு வயதும் இராத பையன், “பிழை இல்லை” என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டானாம். பிறகு விறாந்தையில் தியாகலிங்கத்தைத் தனியே மறித்து, தாழ்ந்த குரலில் சொன்னானாம். 1941இல் இங்கிலாந்துக் கடலுக்கு மேல் ஆறாவதாக ஒரு விமானத்தையும் அவன் விழுத்தியிருக்கிறான். கண்ட சாட்சி இல்லாததால் அது கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவனும் யாருக்கும் வாய் திறக்கவில்லை. அதிலிருந்து எரிந்துகொண்டே குதித்த மனிதனின் ஒரு காலில் சப்பாத்து இருக்கவில்லை.

“அந்த ஆள் ரெண்டு வருசமாப் பொழுதுபட அவன்ர கதவைத் தட்டினதாம் அண்ணை. எந்த ஊருக்குப் போனாலும். அவன் ஒருநாளும் திறக்கேல்லையாம்.” தியாகலிங்கம் உதட்டை நனைத்துக்கொண்டார். “நவம்பர் பன்ரெண்டுக்குப் பிறகு வரேல்லையாம். என்னட்டை ஒண்டுதான் கேட்டவன். படம் கீறின மனுசன் கதவைத் திறந்தவரோ எண்டு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஓம் தம்பி. திறந்தனான்.”

தியாகலிங்கம் எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே பார்த்தார். உடனே எழும்பிப் போனார்.

அதன்பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறியதில்லை. ஊருக்கு வந்தால் படலைக்கு வெளியே நின்று கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி.

“அண்ணை, தனியவோ இருக்கிறியள்?”

நான் ஒருமுறை வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்ப்பேன்.