நிலாவுக்குப் போட்ட முதல் மாலை

"உங்கட கலியாணம் எந்தக் கோயிலில நடந்தது அக்கா?" என்று போன பதிவின் கீழே ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. கோயிலா! 1987இல் ஜேர்மனியின் ஹம் நகரில் எங்களுக்கு ஏது கோயில்? அகதி விடுதியில் ஓர் அறையும் பொதுக் குசினியும்தான் இருந்தன. பதிவுத் திருமணத்துக்கான பத்திரங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேரவில்லை. தாலி கட்டாமல் ஒரே அறையில் இருக்கமாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என்னைக் கட்டவிருந்த குகன் பாவம். காதுக்குள் குண்டுச் சத்தம் ஓயாமல், மாதக்கணக்காக நித்திரையின்றித் திரிந்தார்.

அடுத்த அறை யோகம் அக்காதான் வழி சொன்னா. "அரண்மனைத் தோட்டத்தில ஒரு அம்மன் நிக்கிறா பிள்ளை. தலையில பிறை இருக்கு. என்ர கண்ணால பார்த்தனான்."

ஐப்பசி வளர்பிறையில் ஒரு சனிக்கிழமை மூவரும் புறப்பட்டோம். பேருந்தில் முப்பத்தைந்து நிமிடம், ஆளுக்கு மூன்று மார்க். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. நல்லவேளை, தோட்டம் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. எல்லை தாண்டிப் பிடிபட்டால் அகதிகளுக்குத் தண்டம்.

வெள்ளைக் கல்லில் ஒரு பெண் குனிந்து நின்றாள். தலையில் பிறை. காலடியில் ஓர் இளைஞன், ஒரு கையைத் தலைக்குமேல் போட்டபடி மல்லாந்து கிடந்தான். "அசுரன்" என்றா அக்கா. அவ்வளவு வடிவான அசுரனை நான் கண்டதேயில்லை. அவன் கண்கள் பாதி திறந்திருந்தன. தோட்டத்தில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

முதல் மாலை கடவுளுக்குத்தானே? செவ்வந்தி மாலையைக் குகனே ஏறி அவள் கழுத்தில் போட்டார். அக்கா கற்பூரம் கொளுத்தி, "குகநாதன், ரோகிணி நட்சத்திரம்" என்று அர்ச்சனை சொன்னா. என் பெயரைச் சொல்ல வாயெடுக்க, கற்பூரம் அணைந்துவிட்டது. காற்றே இல்லை. அதற்குப் பிறகுதான் தாலி கட்டினார்.

"கொஞ்சம் இருப்பம்" என்று பீடத்தில் சாய்ந்தவர் அப்படியே உறங்கிப்போனார். ஒரு கை தலைக்குமேல். கண்கள் பாதி திறந்து.

"இஞ்சாருங்கோ! எழும்புங்கோ!" உலுக்கினேன். அசைவில்லை. கை கல்லாய்க் குளிர்ந்திருந்தது.

எங்கள் தமிழ் கேட்டு, கமராவோடு நின்ற ஒரு மதுரை மாணவர் ஓடி வந்தார். பீடத்து எழுத்தை வாசித்தவர் முகம் மாறியது. "சிஸ்டர், இது அம்மன் இல்லீங்க. செலீனி. கிரேக்கத்து நிலா தேவதை. கீழே இருக்கிறவன் எண்டிமியோன், சாதாரண மனுஷன். அவன்மேல இவ ஆசைப்பட்டுட்டா. அவனுக்கு வயசாகக் கூடாதுன்னு நிரந்தரமாத் தூங்க வச்சிட்டா. டெய்லி ராத்திரி வந்து பார்ப்பாளாம்."

நிமிர்ந்து பார்த்தேன். வேலி மரங்களுக்கு மேலே பகல் நிலா ஏறியிருந்தது. ஐயோ, என்ர மனுசன் எனக்கு முன்னமே மாலை போட்டது அவளுக்கு!

சாத்திய மாலையை எடுப்பது பாவம் என்பது தெரியும். பீடத்தில் ஏறி இழுத்தேன். கழுத்தில் போட்ட மாலை இப்போது கல் விரல்களில் சிக்கியிருந்தது. "விடடி! இவர் என்ர மனுசன்!" என்று கத்தினேன். நார் அறுந்து பூக்கள் கொட்டின.

குகன் எழுந்து உட்கார்ந்தார். "நல்ல நித்திரையப்பா. ஆர் என்ர நெத்தியைத் தடவினது? கை சரியான குளிர்" என்றார். நாங்கள் யாரும் அவர் நெற்றியைத் தொடவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: தோட்டம் இப்போதும் திறந்திருக்கிறது, இலவசம். மழைக்காலத்தில் பாதை சேறு, சப்பாத்து முக்கியம். வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள். மாலை கொண்டு போகாதீர்கள். துணைவரின் பெயரை அங்கே உரக்கக் கூப்பிடவும் வேண்டாம்.

அன்றிலிருந்து குகன் நன்றாக உறங்குகிறார், கண்கள் பாதி திறந்தபடி. அவருக்கு அறுபத்தைந்து. எனக்குத் தலை முழுக்க நரை. அவருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. போன கிழமை ஆஸ்பத்திரியில் தாதி, "உங்கள் மகன் வெளியே இருக்கட்டும்" என்றாள். வீடு வரும்வரை அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று பௌர்ணமி. யன்னல் திரையை இழுத்து மூடி, இடைவெளி இல்லாமல் ஊசி குத்திவிட்டுத்தான் அவர் பக்கத்தில் படுத்தேன்.