ஒரே டப்பாவில் இரண்டு பேர் மாத்திரை

போன வருடம் ஆடி மாதம், மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவ ஆய்வு மையத்தில் நடந்தது. எதையும் வரிசை போட்டால்தான் எனக்குச் சொல்ல வரும்.

1. மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டும். அதற்கு ஹார்மோன் கலக்காத ஒரு சத்து மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

2. பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

3. மேற்கு மாம்பலத்திலிருந்து இரண்டு ஓரகத்திகள் சேர்ந்தார்கள். ஒரே வீடு. ஞாபகப்படுத்த ஒரு போன் போதும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

4. எட்டாவது வாரம் இருவரும் அவரவர் மாத்திரை பாட்டில்களோடு வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். இரண்டிலும் மிச்சம் இருக்க வேண்டிய எண்ணிக்கை சரியாக இருந்தது.

"எப்படி ஆன்ட்டி, ஒரு நாள்கூட மறக்கல?" என்றேன்.

இளையவர் பெருமையாகச் சொன்னார்: "ரெண்டையும் ஒரே டப்பாவுல கொட்டிட்டோம்மா. காலைல காபியோட எனக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு. உங்கிட்ட வரணுமேன்னு இன்னைக்குத்தான் மறுபடி பிரிச்சுப் போட்டோம்."

அந்த ஏ.சி. அறையில் எனக்கு வியர்த்தது. கலந்துவிட்டால் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. மெதுவாக விளக்கினேன்.

"ஒரே அடுப்படி. உப்பு புளியே நாங்க தனியா வச்சதில்ல, இதை வைப்போமா?" என்றார் மூத்தவர்.

தப்பு அவர்களுடையது இல்லை. 'தனித்தனியாக வையுங்கள்' என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நடந்ததை நான் எழுதிக் கொடுத்தால் இருவரையும் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், மாத்திரை நின்றுவிடும். மூத்தவர் பயந்தது அதற்குத்தான். அவர்களுடைய ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர் அவர். "வந்தவங்க முன்னாடி ரவிக்கை நனைஞ்சு நிப்பேன்மா. இப்ப எவ்வளவோ கொறஞ்சிருக்கு. நிறுத்திடாத" என்றார்.

"அப்ப என்னை எடுத்துடு பாப்பா. அக்கா இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் மாறல, அதே கொதிப்புதான்" என்றார் இளையவர்.

"நீ சும்மா இரு. உனக்கு அடுப்புக் கொதிப்பு எது, உடம்புக் கொதிப்பு எதுன்னே தெரியாது" என்று மூத்தவர் அதட்டினார்.

சிரிப்பு வந்தது. ஆனாலும் மூடிய அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதும், எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதும் மனதில் ஓடாமல் இல்லை. எழுதாமல் விட்டால் மூத்தவருக்கு மாத்திரை கிடைக்கும், என் தப்பும் வெளியே வராது. ஆனால் எங்கள் ஆய்வுக் கணக்கை நம்பி நாளை இந்த மாத்திரையை வாங்கப்போகிறவர்களும் இவரைப் போலத்தானே யார் முன்னாலோ நனைந்து நிற்கிறவர்கள்! என் தவறையும் சேர்த்து எழுதி, ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன்.

மூத்தவர் அன்றைக்கு வெடுக்கென்று எழுந்து படியிறங்கினார். இளையவர் மட்டும் திரும்பி, "கோவம் ரெண்டு நாள்தான்" என்று சைகை காட்டினார். பத்து நாளாயிற்று. பிறகு மூத்தவர் அதே டாக்டரிடம், ஆய்வுக்காக இல்லாமல் சாதாரண நோயாளியாகவே காட்டிக்கொள்ள வந்தார். வேறு சிகிச்சை தொடங்கினார்கள். இப்போது தேவலை என்கிறார்.

இருவர் பெயரும் ஆய்வுக் கணக்கில் இல்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம், வீட்டில் மாத்திரையை எங்கே வைப்பீர்கள், கூட யார் சாப்பிடுகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். அந்தச் சத்து மாத்திரை வேலை செய்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியவரும் நாளில் அந்தப் பதிலை மூத்தவரிடம் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியும் என்பது மட்டும் தெரியும்.